தூர்ன் உண்ட் டாக்சிஸ்: தபால் பையிலிருந்து எழுந்த பிரபு வம்சம்

ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் கதை பெரும்பாலும் ஒரு கோட்டையிலோ கிராமத்திலோ தொடங்கும். முதலில் நிலம், அந்த நிலத்தைக் காக்கப் படை, அதற்குப் பிறகு பட்டம். ஜெர்மனியின் தூர்ன் உண்ட் டாக்சிஸ் குடும்பத்தில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. அவர்களிடம் முதலில் இருந்தது ஒரு வழித்தடம் மட்டுமே. அந்த வழியில் இருந்த நிலமும் அவர்களுடையதல்ல. கடிதப் பையைக் குறித்த நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்ற ஒப்பந்தம்தான் அவர்களுடைய சொத்து. பட்டங்கள் அந்த ஒப்பந்தத்தின் பின்னால் வந்தன. பெரிய நிலங்கள் வந்தது கடைசியில். அதிலும் பெரும்பகுதி தபால் உரிமை பறிபோனதற்கான நஷ்டஈடு. அதனால் இந்தக் குடும்பத்தின் வம்சாவளியை வெறும் பெயர்ப் பட்டியலாகப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. தபால் ஒப்பந்தங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

வட இத்தாலியில் பெர்கமோ நகருக்கு மேலே, பிரெம்போ ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொர்னெல்லோ என்றொரு மலைக் கிராமம் இருக்கிறது. அங்கே 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே தாஸ்ஸோ என்ற குடும்பப் பெயர் வருகிறது; அதுதான் பின்னாளில் டாக்சிஸ் ஆனது. தாஸ்ஸோ என்றால் இத்தாலிய மொழியில் வளைக்கரடி: மண்ணைத் தோண்டி வளையில் வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை கொண்ட சின்ன விலங்கு. பெர்கமோ மலைவாசிகள் வெனிஸ் குடியரசின் தூதஞ்சல்காரர்களாகப் பேர் வாங்கியவர்கள். தாஸ்ஸோக்கள் அந்தத் தொழிலில் வளர்ந்து, போப்பாண்டவரின் கடிதங்களையும் சுமந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் டொர்குவாட்டோ தாஸ்ஸோவும் இதே பெர்கமோ குடும்பத்திலிருந்து வந்தவர்தான்.

ஜெர்மன் மன்னர் முதலாம் மாக்சிமிலியனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவர் கையில் ஆல்ப்ஸ் மலையில் டைரோல்; மகன் பிலிப்பின் கையில் நெதர்லாந்து நாடுகள். இரண்டுக்கும் இடையே பல சிற்றரசுகள். தன்னிடம் இருக்கும் ஒரே தூதனைக் குதிரையேற்றி அனுப்பினால், ஆளும் குதிரையும் களைத்து வழியில் தங்கித் தங்கித்தான் போக வேண்டும். தாஸ்ஸோக்கள் வேறொரு வழி சொன்னார்கள்: ஆள் தங்கட்டும், பை தங்கக்கூடாது. 1490-இல் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இன்றைய பெல்ஜியத்தின் மெக்கெலென் வரை, பை கைமாறும் நிலைகள் அமைத்தார்கள்.

அந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதை தென் ஜெர்மனியின் மெம்மிங்கன் நகர வரலாற்றுக் குறிப்பு ஒன்று கண்முன் நிறுத்துகிறது. நிலைக்கு நிலை ஐந்து ஜெர்மன் மைல், அதாவது சுமார் 37 கி.மீ. சத்திரத்தில் ஒருவன் படுத்திருப்பான். எதிரே வருகிறவன் தூரத்திலேயே சிறு கொம்பை ஊதுவான். சத்தம் கேட்டதும் படுத்திருப்பவன் எழுந்து தயாராகிவிட வேண்டும். மணிக்கு ஒரு ஜெர்மன் மைல், சுமார் ஏழரை கி.மீ. ஓட வேண்டும், குறைந்தால் கூலியில் பிடித்தம். இரவும் பகலும் ஓட்டம் உண்டு. இப்படி மெம்மிங்கனிலிருந்து ரோமுக்கு ஐந்து நாளில் கடிதம் போனதுண்டு என்கிறது அந்தக் குறிப்பு. ஜெர்மன் தபால்துறையின் சின்னமாக இன்றும் இருக்கும் கொம்பு, இந்தச் சத்திர வாசலில் ஊதப்பட்ட கொம்புதான்.

கொம்பைவிட முக்கியமான இன்னொரு கருவி நேரச் சீட்டு. பையோடு ஒரு தாள் போகும். ஒவ்வொரு நிலையிலும் பை வந்த நாளையும் மணியையும் அதில் எழுதிவிட்டுத்தான் அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். எங்கே தாமதம் என்பதை யாரும் மறைக்க முடியாது. பழியும் பிடித்தமும் அந்த ஒரு நிலைக்காரன் மேல் விழும். தொடர் ஓட்டத்தின் பலவீனமும் அங்கேதான் இருந்தது. ஒரு குதிரை நொண்டினாலோ மலைக்கணவாயில் பனி அடைத்தாலோ அதற்குப் பின்னால் உள்ள எல்லா நிலையும் தாமதமாகும். அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், நிலைகளை நெருக்கமாக்குவது. 37 கி.மீ. என்பது காலப்போக்கில் சுமார் 30, பிறகு 22, கடைசியில் 15 கி.மீ. வரை குறைந்தது. ஓட்டம் குறையக் குறைய ஒவ்வொரு குதிரையும் முழு வேகத்தில் ஓடலாம். ஆனால் நிலையும் ஆளும் தீவனச் செலவும் இரட்டிப்பாகும். வேகத்துக்கும் செலவுக்கும் இடையிலான இந்த இழுபறிதான் பிற்பாடு குடும்பத்தின் கடனுக்கும் காரணமானது, ஏகபோகத்துக்கான போராட்டத்துக்கும் காரணமானது.

1505-இல் பிரான்ஸ் ஃபொன் டாக்சிஸ் (இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ தாஸ்ஸோ) பிலிப்போடு போட்ட ஒப்பந்தம் இந்த வம்சத்தின் உண்மையான பிறப்புச் சான்றிதழ் என்பேன். ஆண்டுக்கு 12,000 லிவர் கூலி. பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள். பாரிசுக்கு 44 மணி நேரம், குளிரில் 54. ஸ்பெயினின் கிரனாடாவுக்கு 15 நாள், குளிரில் 18. அடுத்த ஆண்டே பிலிப் இறந்துபோனார். ஆனாலும் அவர் மகன் சார்லஸ், பின்னாளில் புனித ரோமானியப் பேரரசர் (ஜெர்மன் நாடுகளுக்குத் தலைமை தாங்கிய பேரரசர்) ஐந்தாம் சார்லஸ், 1516-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து இத்தாலி வரை நீட்டினார். இந்த முறை பாரிசுக்கு 36 மணி நேரம், இன்ஸ்ப்ரூக்குக்கு ஐந்து நாள், ரோமுக்குப் பத்தரை நாள். இடையில் 1512-இல் மாக்சிமிலியன் குடும்பத்துக்குப் பிரபுத்துவம் வழங்கியிருந்தார். வேலை முதலில், கௌரவம் பிறகு என்ற வரிசையை 1505, 1512, 1516 என்ற இந்த மூன்று ஆண்டுகளிலேயே பார்க்கலாம்.

பிரான்ஸ் 1517-இல் இறந்தார். இங்கே வம்சாவளி படிப்பவர்கள் முதல் தவறைச் செய்கிறார்கள். புகழ் பிரான்ஸுடையது என்பதால் பிற்காலத்தில் சிற்றரசர் பட்டம் பெற்ற குடும்பத் தலைவர்கள் எல்லோரும் அவருடைய நேர் வாரிசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. பொறுப்பு அவருடைய சகோதரர் ரோஜரின் மகன் யோஹான் பாப்டிஸ்டாவுக்குப் போனது. 1520-இல் ஐந்தாம் சார்லஸ் இவரைத் தலைமைத் தபால் அதிபராக்கினார். இன்றிருக்கும் குடும்பம் இவர் வழி.

தாயாதிகள் ஒவ்வொருவரும் ஒரு முக்கியச் சந்தியில் உட்கார்ந்தார்கள். பிரஸ்ஸல்ஸ், இன்ஸ்ப்ரூக், அவுக்ஸ்பர்க், வெனிஸ், ரோம், ஸ்பெயின் எல்லா இடத்திலும் ஒரு டாக்சிஸ் இருந்தார். பையை அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ரத்த உறவு என்பதால் கணக்கில் நம்பிக்கை இருந்தது, ரகசியமும் குடும்பத்துக்குள் நின்றது. ஸ்பெயினில் யோஹான் பாப்டிஸ்டாவின் மகன் ரைமுண்டோவின் கிளை 1603-இல் வில்யாமெதியானா பிரபுப் பட்டம் பெற்றது. அந்தக் கிளையின் இரண்டாவது பிரபு ஹுவான் தே தாஸ்ஸிஸ் பெயர்பெற்ற கவிஞர். 1622-இல் மாட்ரிட் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். அவரோடு அந்த ஆண்வழி முடிந்து, ஸ்பெயின் தபால் உரிமை ஒன்யாத்தே பிரபுக்களிடம் போனது. இப்படிக் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர, பிரஸ்ஸல்ஸ் கிளைதான் தலைமைக் கிளையாக நின்றது.

அந்தக் கிளைக்கும் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி கொடுமையான காலம். கூலி தர வேண்டியது ஸ்பெயின் அரசு. அது 1557 தொடங்கி அடுத்தடுத்துத் திவாலானது. ஜெர்மன் நிலைகளில் குதிரை வைத்திருந்தவர்களுக்குப் பல ஆண்டுக் கூலி பாக்கி. அவர்கள் பையைத் தொட மறுத்தார்கள். தனியார் கடிதங்களுக்கு வாங்கிய கட்டணம்தான் ஓட்டத்தை உயிரோடு வைத்தது. ஆனால் நியூரம்பெர்க், கொலோன் மாதிரியான வணிக நகரங்கள் தங்கள் சொந்தத் தூதர்களை வைத்திருந்தன, அந்தக் கட்டணத்தில் பங்கு கேட்டன. இதற்குத் தீர்வாகத்தான் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் 1595-இல் பிரஸ்ஸல்ஸ் கிளையின் முதலாம் லியோன்ஹார்டைப் பேரரசின் தலைமைத் தபால் அதிபராக நியமித்தார். 1597-இல் தபால் என்பது பேரரசரின் தனியுரிமை என்று அறிவித்தார். லியோன்ஹார்ட் 1612-இல் இறந்தபோது வயது தொண்ணூறை ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஏணி வேகமாக ஏறுகிறது. லியோன்ஹார்டின் மகன் லமொரால் 1608-இல் ஃப்ரைஹெர் என்ற கீழ்நிலைப் பிரபு. 1615-இல் பேரரசர் மத்தியாஸ் தபால் பதவியைப் பரம்பரை மானியமாக்கினார். 1624-இல் கிராஃப், அதாவது கோமான். நடுவில் இருக்கும் 1615-ஐத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டம் இல்லாமல் ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். பதவி பரம்பரையாகாமல் இருந்திருந்தால் அடுத்த பேரரசர் அதை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார், வம்சாவளி அங்கேயே நின்றிருக்கும்.

மூன்று விதவைகள்

இந்த வம்சத்தின் கொடியில் ஆண்களின் பெயர்களை மட்டும் எழுதிவைப்பது வழக்கம். அப்படி எழுதினால் மூன்று இடத்தில் கொடி எப்படி அறுந்துபோகாமல் தப்பியது என்பது தெரியாமலே போகும்.

முதலாவது 1628. லமொராலின் மகன் இரண்டாம் லியோன்ஹார்ட் இறந்தார். வாரிசு லமொரால் கிளாடியஸுக்கு ஏழு வயது. முப்பதாண்டுப் போர் நடுவில் நிற்கிறது. இறந்த லியோன்ஹார்டின் மனைவி அலெக்ஸாந்த்ரின் தெ ரி பேரரசின் தபாலைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டு 1646 வரை நடத்தினார். அது லேசான காரியமல்ல. பிராங்க்பர்ட் நிலையத்தை வளர்த்து லைப்சிக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் தடம் போட்டவர் யோஹான் ஃபொன் டென் பிர்க்டன் என்ற திறமைசாலி. புரட்டஸ்தாந்தர் என்பதால் 1627-இல் பதவி இழந்தார். 1631-இல் ஸ்வீடன் படை பிராங்க்பர்ட்டைப் பிடித்ததும், அதே மனிதர் ஸ்வீடனின் தபால் அதிபராக அதே ஊரில் உட்கார்ந்தார். தன் குடும்பம் வளர்த்த ஆளும் தடமும் எதிரியின் கையில். அத்தனைக்கும் நடுவே அலெக்ஸாந்த்ரின் உரிமையை மகனிடம் முழுசாக ஒப்படைத்தார்.

இரண்டாவது 1867. பட்டத்துக்கு உரிய மாக்சிமிலியன் அன்டன் ஜூன் 26 அன்று இறந்தார். இளைய மகன் ஆல்பர்ட் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஐந்து நாள் கழித்து, ஜூலை 1 அன்று, குடும்பத்தின் தபால் வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் கைக்குப் போனது. நாலாண்டில் மாமனாரும் இறந்துவிட, ஒன்பது வயது மூத்த மகனுக்காகப் பொறுப்பைச் சுமந்தவர் மாக்சிமிலியனின் மனைவி ஹெலேனா. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின், உலகம் சிசி என்று அழைக்கும் அந்தப் பெண்ணின், மூத்த சகோதரி.

மூன்றாவது 1990. பதினொன்றாவது சிற்றரசர் யோஹான்னஸ் இறந்தபோது ஒரே மகன் ஆல்பர்ட்டுக்கு மறுபடியும் ஏழு வயது. பெருங்கடனும் வாரிசு வரியும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. தாய் குளோரியா 1993-இல் அரண்மனைப் பொருட்களைப் பெரிய ஏலத்தில் விற்றார்; 1996-இல் குடும்ப மதுபான ஆலையும் விற்கப்பட்டது.

கோபுரம் எங்கிருந்து வந்தது

அலெக்ஸாந்த்ரின் செய்த இன்னொரு வேலைதான் குடும்பத்தின் இன்றைய பெயருக்குக் காரணம். தபால்காரர் வம்சம் என்பது உயர்குடி அவைகளில் எடுபடாது. பழைய ஆளும் ரத்தம் வேண்டும். அதனால் வம்சாவளி ஆய்வாளர்களிடம் வேலை கொடுக்கப்பட்டது. யூலியஸ் ஷிஃப்லெ 1645-இல் வெளியிட்ட நூல், தாஸ்ஸோக்கள் மிலானை ஒரு காலத்தில் ஆண்ட தெல்லா தொர்ரே குலத்தவர் என்று நிறுவப் பார்த்தது. தொர்ரே என்றால் கோபுரம், ஜெர்மனில் தூர்ன். விஸ்கோந்தி குலத்திடம் மிலானை இழந்த தெல்லா தொர்ரேக்களில் ஒருவர் பெர்கமோ மலைப்பக்கம் ஓடிவந்து தாஸ்ஸோ மலையடியில் குடியேறினார், அதனால் அந்தப் பெயர் என்பது கதை. ஸ்பெயின் மன்னர் 1649-இலும் பேரரசர் 1650-இலும் இதை ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து பெயர் தூர்ன் உண்ட் டாக்சிஸ்: கோபுரமும் வளைக்கரடியும்.

இப்படிப்பட்ட கொடிவழியைச் சோதிக்க எளிய வழி, பெயர் எந்த ஆண்டில் முதலில் எழுத்தில் வருகிறது என்று பார்ப்பது. தெல்லா தொர்ரேக்கள் மிலானைக் கடைசியாக இழந்தது 1311-இல். தாஸ்ஸோ பெயரோ அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே கொர்னெல்லோ ஆவணங்களில் இருக்கிறது. ஓடிவந்தவரால் அந்தப் பெயர் பிறந்திருக்க முடியாது. அடுத்த சோதனை, அந்தக் கதை யார் செலவில், எப்போது எழுதப்பட்டது என்பது. இங்கே பதவி உயர்வுக்குச் சற்று முன்பாகக் குடும்பமே செலவழித்து எழுத வைத்திருக்கிறது. மூன்றாவது சோதனை கேடயச் சின்னம். இன்றும் சுற்றிலும் கோபுரமும் சிங்கமும் இருக்க, நட்டநடுவில் நீல நிறத்தின் மேல் வளைக்கரடி நிற்கிறது. சேர்த்தது சுற்றிலும் இருக்கிறது, சொந்தமானது நடுவில் இருக்கிறது. அரச ஒப்புதல் கிடைத்தது என்பதற்காக ஒரு குலமுறை உண்மையாகிவிடாது. பழைய ஐரோப்பிய வம்சாவளி நூல்களைப் புரட்டுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

கதை பலித்தது. 1681-இல் ஸ்பெயின் மன்னர் ஓய்கன் அலெக்சாண்டருக்குச் சிற்றரசர் பட்டம் கொடுத்தார். 1695-இல் பேரரசர் முதலாம் லியோபோல்டும் கொடுத்தார். ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் பிரஸ்ஸல்ஸ் பிரெஞ்சுக்காரர் பக்கம் போக, 1702-இல் குடும்பம் பிராங்க்பர்ட்டுக்குப் பெயர்ந்தது. 1748-இல் பேரரசு மன்றத்தில் பேரரசரின் பிரதிநிதியாக அலெக்சாண்டர் ஃபெர்டினாண்ட் ரேகன்ஸ்பர்க்குக்கு வந்தார். 1754-இல் சிற்றரசர் அவையில் இடமும் கிடைத்தது. நிலமே இல்லாதவருக்கு இடமா என்று பழைய குடும்பங்கள் முணுமுணுத்தன. அந்த வாயை அடைக்கத்தான் அடுத்த தலைமுறையில் கார்ல் அன்செல்ம், 1780-களில், ஸ்வாபியாவில் ஃப்ரீட்பெர்க்-ஷேர் நிலங்களைச் சுமார் 21 லட்சம் குல்டன் கொடுத்து வாங்கினார். தபால் கட்டணமாகச் சேர்ந்த காசு, இருநூறு ஆண்டு கழித்து மண்ணாக மாறியது.

நெப்போலியன் காலம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ரைன் நதியின் இடதுகரைத் தபால் பிரான்சிடம் போனதற்கு 1803-இல் புகாவ், மார்க்டால், நேரெஸ்ஹைம் முதலிய மடங்களின் நிலங்கள் ஈடாக வந்தன. 1806-இல் பேரரசே கலைந்தது. குடும்பம் ஆளும் உரிமையை இழந்தது. பவேரியா 1808-இல் தபாலை எடுத்துக்கொண்டு, 1812-இல் ரேகன்ஸ்பர்க்கின் செயின்ட் எம்மெராம் மடத்துக் கட்டடங்களைக் கொடுத்தது. இன்றைய அரண்மனை அதுதான். மற்ற நாடுகளில் தபாலைக் காப்பாற்ற அலைந்து பேசியவர் கார்ல் அலெக்சாண்டரின் மனைவி தெரேசா, பிரஷ்ய அரசி லூயிசாவின் அக்கா. 1815 ஜெர்மன் கூட்டாட்சிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தபால் உரிமைக்கு அல்லது ஈட்டுக்கு உத்தரவாதம் தந்தது. 14-ஆவது பிரிவு, ஆட்சியை இழந்த இந்தக் குடும்பங்கள் அரச குடும்பங்களோடு சமகுலமாகவே கருதப்படும் என்றது. அரச குடும்பங்களில் பெண் எடுப்பதற்கான வழியை இந்தப் பிரிவு திறந்துவைத்தது. கூட்டாட்சிக் காலத்தில் தபால் பிராங்க்பர்ட்டிலிருந்து தனியார் நிறுவனமாக ஓடியது. 1852-இல் தபால்தலைகளை வெளியிட்டபோது வடபகுதிக்குச் சில்பர்குரோஷன், தென்பகுதிக்குக் குரொய்ட்சர் என இரண்டு நாணயத்தில் அச்சிட வேண்டியிருந்தது. தலை சேகரிப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் தொகுப்பைப் பிரிப்பார்கள். 1866 போரில் பிரஷ்யா பிராங்க்பர்ட்டைப் பிடித்தது. அடுத்த ஆண்டு 30 லட்சம் தாலர் ஈட்டுக்குத் தபால் கைமாறியது. பிரஷ்யா சார்பில் இதை முடித்த ஹைன்ரிக் ஃபொன் ஸ்டெஃபான், 1874-இல் உருவான சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் மூளையாகவும் இருந்தார்.

பெயரை எப்படி எழுதுவது, எண்ணை எப்படிப் படிப்பது

தமிழில் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது தடுக்கி விழும் இடம் 'இளவரசர்' என்ற சொல். ஜெர்மனில் ஃபுர்ஸ்ட் என்பது குடும்பத் தலைவருக்கான பட்டம். ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. பிரின்ட்ஸ் என்பது குடும்பத்து ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும். இரண்டையும் இளவரசர் என்று எழுதினால் ஒரே தலைமுறையில் ஐந்தாறு தலைவர்கள் இருந்த மாதிரி ஆகிவிடும். முன்னதற்குச் சிற்றரசர் என்பதும் பின்னதற்கு இளவரசர் என்பதும் பொருந்தும். அரச குடும்பம் என்று எழுதுவதும் தவறு; இவர்கள் ஒருநாளும் மன்னர்களாக இருந்ததில்லை.

சிற்றரசர் எண்ணிக்கை 1695-இன் ஓய்கன் அலெக்சாண்டரை முதலாவதாகக் கொண்டு தொடங்குகிறது. இன்றைய ஆல்பர்ட் பன்னிரண்டாவது. பன்னிரண்டும் தந்தை மகன் வரிசை இல்லை. ஆறாவது மாக்சிமிலியன் கார்லுக்குப் பின் வந்தவர் பேரன். அந்தப் பேரன் 22 வயதிலேயே இறக்க, 1867-இல் கைக்குழந்தையாக இருந்த தம்பி ஆல்பர்ட் எட்டாவதாக வந்தார். ஒன்பதாவது ஃபிரான்ஸ் யோசெஃபின் மகன் காப்ரியேல் 1942-இல் ஸ்டாலின்கிராட்டில் உயிரிழந்ததால், பட்டம் ஃபிரான்ஸ் யோசெஃபின் தம்பி கார்ல் அவுகுஸ்டுக்குப் போய், அவர் மகன் யோஹான்னஸுக்கு வந்தது.

1919 வைமார் அரசியலமைப்பின் 109-ஆவது பிரிவு பிரபுப் பட்டங்களைக் குடும்பப் பெயரின் பகுதியாக மட்டும் ஆக்கியது. அதனால் சட்டப்படி இன்று எல்லோரும் 'பிரின்ட்ஸ்' அல்லது 'பிரின்ட்ஸெஸின் ஃபொன் தூர்ன் உண்ட் டாக்சிஸ்' தான். 'ஃபுர்ஸ்ட்' என்பது மரியாதை வழக்கு. மூத்த ஆண் வாரிசு மட்டும் அனுபவிக்கலாம், விற்கவோ பிரிக்கவோ கூடாது என்ற பழைய குடும்பச் சொத்து முறையையும் அதே அரசியலமைப்பு கலைக்கச் சொன்னது. நூற்றாண்டுகளாகச் சொத்து சிதறாமல் நின்றதற்கு அந்த முறைதான் காரணம். 1939 தொடக்கத்தில் எஞ்சியிருந்தவையும் சட்டத்தால் முடிந்தன.

டாக்சி என்ற சொல் இந்தக் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்று அடிக்கடி சொல்கிறார்கள். இல்லை. அது கட்டணம் காட்டும் டாக்சிமீட்டர் கருவியின் பெயர்ச் சுருக்கம். இத்தாலியில் தெல்லா தொர்ரே எ தாஸ்ஸோ என்ற பெயரைக் கண்டால் அது வேறு குடும்பமல்ல. அட்ரியாடிக் கடற்கரையில் துயினோ கோட்டையை உடைய கிளை. கவிஞர் ரில்கே தன் துயினோ இரங்கற்பாக்களை 1912-இல் தொடங்கியது அந்தக் கோட்டையில்தான்.

1990-க்குப் பிந்தைய வாரிசு வரியின் ஒரு பகுதியைக் குடும்பம் பணமாகக் கட்டவில்லை. பொன் மூக்குப்பொடி டப்பாக்கள், பீங்கான், வெள்ளிப் பாத்திரங்கள் என்று அரும்பொருட்களாகப் பவேரிய அரசிடம் ஒப்படைத்தது. அவற்றை ரேகன்ஸ்பர்க்கை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1998 முதல் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தின் கிளையாக அரண்மனை வளாகத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒதுக்கிய கட்டடம் சிற்றரசர்களின் பழைய குதிரை லாயம்.